‘கண்ணால் பார்த்தவர்’ என்றொரு கட்டம்

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் எங்கள் மருத்துவமனை லேபில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை நடக்கிறதாம்.

“மேடம், கர்ப்பிணிங்க சர்க்கரை ரிஜிஸ்டர்ல கடைசியா ஒரு கட்டம் இருக்குது. செவப்புப் பேனாவால யாரோ கையால கோடு போட்டிருக்காங்க. மேல ‘கண்ணால் பார்த்தவர்’னு எழுதியிருக்குது. வேற எந்த ஆஸ்பத்திரிலயும் இது கெடையாதாம், எடுத்துடலாமான்னு கேக்கறாங்க” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “எல்லா வரிலயும் உங்க கையெழுத்துதான். ஒரே ஒரு வரில மட்டும் ரெண்டு கையெழுத்து இருக்குது. அந்த ரெண்டாவது யாரு மேடம்?” என்று கேட்டாள்.

அடுப்பில் பால் இருந்தது. “எடுக்காதம்மா, ஏன்னு எழுதி அனுப்பறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்குகிற சங்கதியாக இல்லை.

நான் தேவிகாபுரத்துக்காரி. நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற வீடு. லேப் டெக்னீஷியன் படிப்பு என்றால் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டு போடுவேன் என்று சொன்னதும் சரி என்றுவிட்டார்கள். படிப்பில் கற்றதில் இன்றைக்கும் மறக்காதது ஒன்றுதான். மல டப்பாவைத் திறக்கும்போது முகத்தைச் சுளிக்கக் கூடாது; கொண்டுவந்தவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றதெல்லாம் ஆரணிக்கு வேலைக்கு வந்த பிறகு கை தானாகக் கற்றுக்கொண்டது. காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவேன். என் வேலை என்னவென்று தெரிந்த ஒரு பெண், பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவாள். நான் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

அப்போதெல்லாம் சர்க்கரை பார்ப்பது சிறுநீரில்தான். நீல நிற மருந்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆள் ஆபத்தில் இருக்கிறார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பெரியவர் ஒருவர் தன் குழாயைத் தானே வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, “இது ஆரஞ்சு இல்லம்மா, மாம்பழ மஞ்சள். சரியா எழுதுங்க” என்று எனக்குத் திருத்தம் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

மலப் பரிசோதனை இன்னொரு அன்றாட வேலை. கண்ணாடிச் சில்லில் ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்பு நீர், மறுபக்கம் ஒரு சொட்டு அயோடின். தீக்குச்சி நுனியளவு மலத்தை இரண்டிலும் கலக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நான் தேடுவது புழு முட்டையையும் அமீபாவையும்தான். அவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் பொடிப்பொடியாக நெளிந்துகொண்டிருக்கும். கிருமிகள். எல்லோருடைய வயிற்றிலும் இருப்பவை, அதனால் யாரும் கேட்பதில்லை, நானும் எழுதுவதில்லை. முட்டை இல்லை, அமீபா இல்லை என்று எழுதி அடுத்த சில்லை எடுப்பேன். முப்பது வருஷம் அந்தக் கூட்டத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. பிற்பாடு இதை நினைத்து எனக்கு வெட்கமாகவே இருந்தது.

இனி டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசவப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர். ஒல்லியான உருவம், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரிப்போர்ட்டை எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள். அவர் கீழேயிருந்து படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு எண், கடைசியில்தான் பெயர். கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கண்ணால பாத்தீங்களா?”

முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு லட்சுமி என்ற பெயரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி தெள்ளார் பக்கம், இன்னொருத்தி பெரணமல்லூர். ரத்தம் எடுத்த இரண்டு குழாய்களில் ஒன்றில் ஊர்ப் பெயரை எழுத மறந்துவிட்டு, ஆயா ஒருவர் நினைவிலிருந்து சொன்னதை வைத்துப் பிறகு எழுதினேன். “நீங்க ஊசி போடும்போது எந்த லட்சுமின்னு மூஞ்ச பாத்தீங்களா, இல்ல குழாய மட்டும் பாத்தீங்களா?” என்றார் டாக்டரம்மா. இருவரையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தேன். ரத்தம் மாறித்தான் இருந்தது. அதன் பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒழுங்காக வேலை செய்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை பார்க்கும் முறை பிறகு மாறியது. எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்க வேண்டும். சாப்பிட்டு வந்தாலும் சரி, வெறும் வயிறானாலும் சரி, பத்து நிமிஷத்துக்குள் முழுவதையும் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் இன்னொரு நாள் வர வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். நூற்று நாற்பதைத் தொட்டால் கர்ப்ப காலச் சர்க்கரை. கர்ப்பம் தெரிந்ததும் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை. முழுவதும் குடித்தார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு, “குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் இங்கியே உக்காந்துக்கினு இருங்க” என்று சொல்லி உள்ளே போய்விடுவேன். எதற்குக் குடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். வேலை அப்படி நெருக்கும். பதிவேட்டில் எல்லோருக்கும் ‘குடித்தார்’ என்று எழுதிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. கர்ப்பிணிகளின் மலம் வேண்டுமாம். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை, கடைசி மாதத்தில் ஒரு தடவை, பிரசவமான பிறகு தாய்க்கும் குழந்தைக்கும் ஒரு தடவை. யாருக்குச் சர்க்கரை வரும் என்று வயிற்றுக் கிருமிகளைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று தேடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சர்க்கரை ரத்தத்தில் இருக்கிறது, இவர்கள் எங்கே தேடுகிறார்கள் பார் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மதியம் லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, “நாம சாப்புடறத நாம மட்டும் சாப்புடறதில்லங்க” என்றார். “உள்ள ஒரு கூட்டம் இருக்குது, அதுங்களும் சேந்துதான் சாப்புடுது. பொம்பள கர்ப்பமானா அந்தக் கூட்டமே மாறுதாம். கடைசி மாசத்துல இருக்கறதுங்க சோத்துலேர்ந்து சத்த நல்லா பிழிஞ்சி எடுக்குதாம். கொழந்தைக்கு வேணும் இல்லியா. சில பேருக்கு அது அளவு மீறிப் போயி ரத்தத்துல சர்க்கரையா நிக்குதோன்னு சந்தேகப்படறாங்க. நெறமாசக்காரிங்களோட கிருமிய எலிக்குள்ள வுட்டுப் பாத்திருக்காங்க. எலிக்கும் சர்க்கரை ஏறிச்சாம்.”

“எலிக்கா டாக்டர்? அது கர்ப்பமே இல்லாம?”

“கர்ப்பமே இல்லாம.”

ஒரு பெண் தாயாகப் போகிறாள் என்ற சேதி அவள் வயிற்றுக்குள் இருக்கும் அந்தப் பொடிகளுக்குப் போய், அவை தங்கள் சமையலையே மாற்றிக்கொள்கின்றன. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது தனியாகச் சாப்பிடுகிற நினைப்பே எனக்கு இல்லை.

மாதிரி சேகரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூடியோடு சின்னக் கரண்டி ஒட்டிய டப்பா, ஐஸ் பை, அதை வைக்க ஒரு தெர்மாகோல் பெட்டி. காலையில் எடுத்து வைத்தால் ஒன்பது மணிக்குள் வண்டியில் வந்து வாங்கிக்கொள்வேன். இந்த ஊர்ப் பெண்களிடம் ரத்தம் கேட்டால் கையை நீட்டுவார்கள். இதைக் கேட்டதும் முந்தானை வாய்க்குப் போய்விடும். ஒருத்தியின் கணவர் டப்பாவைப் பட்டுக்கடைப் பையில் போட்டு, மேலே ஒரு முழம் பூவையும் வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேன் குழந்தை பிறந்த இனிப்பு என்று நினைத்துக் கை நீட்டிவிட்டார். வழிமுறைத் தாளை நான்தான் தமிழில் எழுதினேன். ‘பெட்டியை வெயில் படாமல் வீட்டுக்குள் வைக்கவும்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி செய்த வேலை எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தனலட்சுமி அந்தப் பட்டியலில் பதினேழாவது ஆள். தனம் என்றுதான் கூப்பிடுவார்கள். தறி ஓட்டுகிற குடும்பம், அவளும் நெய்வாள். முதல் பிரசவத்தில் குழந்தை நாலேகால் கிலோ இருந்தது. வெளியே வரும்போது தோள் சிக்கி, உயிரோடு கிடைக்கவில்லை. அப்படி எடை கூடிய குழந்தை என்றால் முதலில் சர்க்கரையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதனால் இந்தக் கர்ப்பத்தில் டாக்டரம்மா அவள் மேல் ஒரு கண் வைத்திருந்தார். முதல் முறை குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது நூற்றுப் பதினெட்டு. ஆறாம் மாதம் நூற்று இருபத்து நான்கு. இரண்டும் நல்ல எண்கள். டாக்டரம்மா கையெழுத்தில் விரலை வைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். இரண்டு தடவையும் “பாத்தேன் டாக்டர்” என்றேன். மீட்டரில் எண்ணைப் பார்த்தேன் என்ற அர்த்தத்தில் சொன்னேன். இனி அவளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏழாம் மாதம் தொடங்கியபோது ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். “மேடம், பதினேழாம் நம்பர் மாதிரி யாருது?”

“எங்க பேஷண்டு ஒருத்தங்க. ஏன்?”

“அது பெரியவங்க வயிறு இல்ல மேடம். ஒரு வயசு, ரெண்டு வயசு கொழந்தையோட வயிறு. இன்னும் தாய்ப்பால் குடிச்சிகினு இருக்கற கொழந்தை.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை, ஒரு கரண்டி மலம் மட்டும்தான் போயிருக்கிறது. அதைப் பார்த்து வயதைச் சொல்கிறாள், பால் குடி மறக்கவில்லை என்று சொல்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாய்ப்பாலைத் தின்றே வாழ்கிற ஒருவகைக் கிருமி இருக்கிறதாம், அது இவ்வளவு கூட்டமாகப் பெரியவர்கள் வயிற்றில் இருக்காதாம். நான் முப்பது வருஷம் ஒதுக்கித் தள்ளிய கூட்டம் எவ்வளவு பேசுகிறது என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

மறுநாள் காலை தனம் வீட்டுக்குப் போனேன். நுழைந்ததும் கூடம், கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தறி. தறிக்குக் கீழே கால் வைக்கும் குழி, மேலே சாமி படத்துக்கு வைப்பதுபோல் ஒரு முழம் பூ. தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதி நெய்து நின்றது. நான் செருப்பை வாசலிலேயே விட்டேன். தனத்தின் நாத்தனார் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறவள், அவளுடைய ஒன்றரை வயது மகள் யாழினியைப் பகல் முழுக்கத் தனம்தான் வைத்துக்கொள்வாள். அந்தக் குழந்தை தறிக் குழி ஓரமாக உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தது.

கேட்டதும் தனம் அழுதுவிட்டாள்.

“அந்தத் தாள்ல வூட்டுக்குள்ள வெக்கணும்னு போட்டிருந்துது மேடம். இந்த வூட்டுக்கு உள்ளன்னா இதான். தறி நிக்கற எடத்துல எப்பிடி மேடம் அத்த கொண்டாந்து வெக்கறது? நாங்க தீட்டு நாள்ல தறிகிட்டயே வரமாட்டோம். பின்னால வெச்சா நாய் இழுத்துக்கினு போயிடும். நீங்க வந்து கேட்டா இன்னா சொல்றதுன்னு ஒரே பேஜாரா போச்சி.”

“அதுக்கு?”

“கொழந்தைது அசிங்கம் இல்லியே மேடம். இவ தறிகிட்டயே போயிடுவா, தொடச்சிட்டு நெய்வோம். இவளும் நானும் ஒரே சோறுதான் சாப்புடறோம். ரெண்டும் ஒன்னுதான்னு நெனச்சிகினேன்.”

நான் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன். என் வரி, அவள் தறி, இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழந்தை. ஒரே சோறு என்று அவள் சொன்னதில் தப்பில்லை, சாப்பிடும் கூட்டம்தான் வேறு. சரி, புது டப்பா கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பையைத் திறந்தேன்.

அதற்குள் யாழினி எழுந்து, தத்தித் தத்திச் சமையலறைக்குப் போனாள். தன் சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். என் எதிரே நின்று, இரண்டு கையாலும் டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“இன்னாம்மா, தண்ணியா?” என்றேன்.

“தித்தி” என்றாள்.

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “உங்கள ஞாபகம் வெச்சிருக்கா மேடம். ஆஸ்பத்திரில குளுக்கோஸ் தண்ணி குடுத்தீங்க இல்ல, அத்த கேக்கறா. அன்னிக்கி அழுதுகினே இருந்தா. பாதி குடுத்த பெறகுதான் வாய மூடனா. ரெண்டாவது வாட்டியும் அப்பிடித்தான்.”

“பாதி நீ குடிச்சியா?”

“பாதி கூட இல்ல மேடம், எனக்குக் கொமட்டிச்சி. சத்துக்குத்தான குடுக்கறாங்க, கொழந்தை குடிச்சா நல்லதுதானன்னு வுட்டுட்டேன்.”

அந்தக் குழந்தை டம்ளரை நீட்டியபடியே நின்றது. நூற்றுப் பதினெட்டும் நூற்று இருபத்து நான்கும் பாதி டம்ளரின் எண்கள். இவளுக்கு உண்மையில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு குழந்தையை ஏற்கெனவே இழந்தவள், இன்னொன்றைச் சுமந்துகொண்டு என் எதிரே சிரிக்கிறாள். ‘குடித்தார்’ என்று எழுதியவள் நான்.

“கெளம்பு” என்றேன். “ஜல்தியா கெளம்பு. இவள பக்கத்து வூட்டுல வுட்டுட்டு வா.”

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுக் கிருமி காட்டிக்கொடுத்ததிலிருந்து டம்ளர் வரை. அவர் பதிவேட்டை எடுத்து, அந்த இரண்டு வரிகளையும் தேடி, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“குடிச்சத கண்ணால பாத்தீங்களா?”

“இல்ல டாக்டர்.”

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே ‘கண்ணால் பார்த்தவர்’ என்று எழுதினார். பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுத் தனத்துக்கு எதிரில் உட்கார்ந்தோம். இது எதற்கு, இதில் பாதி குறைந்தால் என்ன ஆகும் என்று நான் முதல் முறையாக அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்து முழு டம்ளரையும் குடித்தாள். இரண்டு மணி நேரம் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

நூற்று எண்பத்தாறு.

தனம் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பில் கற்ற அந்த ஒரு பாடம் அன்றைக்கு எனக்குக் கைகொடுக்கவில்லை. “இந்த வாட்டியும் போயிடுமா மேடம்?” என்று கேட்டாள். டாக்டரம்மாதான் பதில் சொன்னார். “இந்த வாட்டி நமக்கு முன்னாடியே தெரிஞ்சிபோச்சிம்மா. அதுதான் வித்தியாசம்.”

அதற்குப் பிறகு பத்து வாரம். சோற்றைக் குறைத்து, கேழ்வரகும் காய்கறியும் கூட்டி, சாப்பிட்ட பிறகு தெருவில் நடக்கச் சொன்னோம். இரண்டு வாரத்தில் போதிய அளவு இறங்கவில்லை. இன்சுலின் ஆரம்பித்தார் டாக்டரம்மா. ஊசியைத் தானே போட்டுக்கொள்ள ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். மயிரிழை மாதிரிப் பட்டு நூலை அறுந்த இடம் தெரியாமல் முடிகிற கைக்கு அது பெரிய காரியமா. வாரத்துக்கு மூன்று தடவை விரல் நுனியில் குத்திப் பார்ப்பேன். நூற்று எண்பது போய் நூற்று ஐம்பது, நூற்று முப்பது. நூற்றுப் பதினான்கு வந்த அன்று, நான் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

நாள் குறித்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். அழுகைச் சத்தம் லேப் வரை கேட்டது. ஆனால் அதோடு முடிவதில்லை. சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்த கொஞ்ச நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், அதையும் பார்க்க வேண்டும். முதல் பால் கொடுத்த பிறகு குதிகாலை வெதுவெதுப்பாகத் துடைத்து, ஓரத்தில் ஒரு குத்து. ஒரு சொட்டு. ஐம்பத்தெட்டு, போதுமான அளவு. டாக்டரம்மா கதவருகிலிருந்து பார்வையாலேயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தக் குழந்தையின் முதல் மலம், தார் மாதிரி கறுப்பாக வருவது, அதிலிருந்து துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்காகத்தான் வைத்தேன். முப்பது வருஷமாக நான் பார்த்த நெளிசல் அதில் இல்லை. எவ்வளவு தேடியும் கூட்டத்தைக் காணவில்லை, வெறும் நிலம்தான். நான்காம் நாள் மஞ்சள் கலந்து வந்ததை வைத்துப் பார்த்தேன். வந்துவிட்டிருந்தார்கள். அம்மாவின் உடம்பிலிருந்தும் பாலிலிருந்தும் தூக்கிய கைகளிலிருந்தும் புறப்பட்டு, வழி கேட்காமல் வந்து குடியேறிவிட்டிருந்தார்கள். கோயிலில் கண் கலங்காதவள் நான். அந்த லென்ஸில் கண்ணை வைத்தபடி வெகுநேரம் கலங்கிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துத் தாய்க்குக் குளுக்கோஸ் கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும், சர்க்கரை விட்டுப் போய்விட்டதா என்று. தனம் கைக்குழந்தையோடு வந்தாள். யாழினியும் கூட வந்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு பாட்டிலில் மோர் இருந்தது. எதிரில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, ஒரு சொட்டு இல்லை என்று காட்ட டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து நூற்றுப் பத்து வந்தது. ‘கண்ணால் பார்த்தவர்’ கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அப்புறம் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஆராய்ச்சிக்குத் தர வேண்டிய கடைசி மாதிரிகள், தாய்க்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. பட்டுக்கடைப் பையும் இல்லை, பூவும் இல்லை.

“இது என்னுது, இது பாப்பாது” என்றாள். “தறி பக்கத்துலதான் மேடம் வெச்சிருந்தேன். தறி ஒன்னும் சொல்லல.”

சிரித்துக்கொண்டே அந்த வரியிலேயே மாதிரியையும் குறித்தேன். குளுக்கோஸ் குடித்ததை நான் பார்க்கலாம். இந்த டப்பாவில் இருப்பது யாருடையது என்பதை யார் பார்க்க முடியும். டாக்டரம்மா கோடு போட்ட நாளிலிருந்து இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. வெளியூர் லேபில் அந்தக் கிருமிகள் எப்படியும் சொல்லிவிடும் என்று நினைத்தபடி பேனாவை மூடப் போனேன்.

“குடுங்க மேடம்” என்று தனம் பேனாவை வாங்கினாள். “இத நான்தான பாத்தேன்.” தோளில் கிடந்த குழந்தையை இடது கையால் அணைத்துக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, தனலட்சுமி என்று எழுதினாள்.